எல்லாப் பழியும் மெனோபாஸ் மேல் விழுந்த ஒரு வயிற்று உப்புசம்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் பெண் ஒரே ஆள் அல்ல. மாதவிடாய் நின்ற ஒன்றிரண்டு வருடத்துக்குள் வயிற்று உப்புசம் என்று வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கும் விஷயங்களை ஒருவருடைய கதையாகக் கோர்த்திருக்கிறேன். அவருடைய வயதும் பரிசோதனை எண்களும் அந்த மாதிரி நபருக்காக வைத்தவை. மருத்துவ விவரங்கள் அப்படியல்ல.

வயது 51. கடைசி மாதவிடாய் வந்து 14 மாதம் ஆகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு, பெரும்பாலான பெண்களுக்கு அது 45 வயதுக்கும் 55க்கும் நடுவில் நடக்கிறது, ஆகவே இவர் எல்லா வகையிலும் வழக்கமான நேரத்தில்தான் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மாதமாக வயிறு சரியில்லை. காலையில் எழும்போது ஒன்றும் தெரியாது, மதியத்துக்கு மேல் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டே போய் சாயங்காலம் ஆகும்போது இடுப்பில் உடை இறுகி, உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. ஏப்பம் நிறைய வருகிறது. அவர் சொன்னபடியே எழுதினால், "வயிறு கல்லு மாதிரி ஆயிடுது டாக்டர், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சு போன மாதிரி இருக்கு. எல்லாரும் மெனோபாஸ்தான்னு சொல்றாங்க."

எல்லாரும் என்றால் தோழி, அக்கா, இணையம், அதோடு இதற்கு முன் பார்த்த ஒரு மருத்துவரும். அவர்கள் சொன்னது முழுப்பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எல்லாரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள், எட்டு மாதம் ஓடிவிட்டது. இந்த வயதில் மெனோபாஸ் என்பது கடைசியில் எழுத வேண்டிய காரணம். வேறு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு எழுதலாம், அப்போதும் பாதி காரணமாகத்தான் எழுத முடியும்.

முதலில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியது

அவர் போகிற போக்கில் சொன்ன "கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சு போகுது" என்பதில்தான் முதலில் நிற்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக, விடாமல், மாதத்தில் 12 நாளுக்கு மேல் வயிறு உப்புவது, சீக்கிரமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, இவை சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளங்களாகவும் இருக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. உப்புசத்தோடு வரும் மிகப் பெரும்பாலான பெண்களுக்கு அது இருக்காது. ஆனால் இந்த நோய்க்கென்று தனியாக ஒரு அடையாளம் கிடையாது, சாதாரண கேஸ் தொல்லையின் முகத்தோடுதான் வரும், அதனால்தான் தாமதமாகப் பிடிபடுகிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது: 50 வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குக் கடந்த ஒரு வருடத்துக்குள் ஐபிஎஸ் (குடலில் வேறு நோய் தெரியாமலே வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் தொடரும் நிலை) போன்ற தொல்லை புதிதாக வந்திருந்தால் சினைப்பையைப் பரிசோதியுங்கள், ஏனென்றால் ஐபிஎஸ் அந்த வயதில் முதல்முறையாக வருவது அபூர்வம்.

ஆக இவருக்கு சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் இடுப்புப் பகுதி ஸ்கேனும் எடுக்கப்பட்டன. சிஏ 125 மில்லிலிட்டருக்கு 14 யூனிட், 35க்குக் கீழே இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது, ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பாதிப் பேருக்கு அது கூடாமலேயே இருக்கும். அதே மாதிரி கூடியிருந்தாலே புற்றுநோய் என்றும் இல்லை, கருப்பை நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) மாதிரி வேறு பல காரணங்களாலும் கூடும். ஸ்கேனில் வலது சினைப்பையில் 2 சென்டிமீட்டரில் ஒரு சாதாரண நீர்க்கட்டி தெரிந்தது. அறிக்கையில் "கட்டி" என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது, அது இயல்புதான். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாமல், திடமான பகுதி எதுவும் இல்லாமல், வெறும் நீர் மட்டும் உள்ள இப்படிப்பட்ட சின்ன நீர்க்கட்டி மெனோபாஸுக்குப் பிறகும் பலருக்கு இருக்கும், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. 2 சென்டிமீட்டர் நீர்க்கட்டி ஒரு வயிற்றையே ஊத வைக்காது என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது.

மற்ற பரிசோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் சரி. தைராய்டு சரி, அது குறைந்தாலும் குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும் என்பதால் பார்த்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான டிடிஜி பரிசோதனையும் இல்லை என்று வந்தது. (இதை எடுப்பதற்கு முன் கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு பொய்யாக வரும், பலர் இணையத்தைப் பார்த்து முதலில் கோதுமையை நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள்.) மலத்தில் ரத்தம் இல்லை. எடை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இல்லை, வாந்தி இல்லை, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு எதுவும் இல்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

"தினமும் போகுதே"

மலச்சிக்கல் உண்டா என்று கேட்டால் இல்லை என்றார். தினமும் போகிறதாம். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். எத்தனை முறை என்பதை விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. முக்க வேண்டியிருக்கிறது, கெட்டியாக உருண்டை உருண்டையாக வருகிறது, போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போன திருப்தி இல்லை, சில நாள் இரண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்தும் கொஞ்சம்தான் வருகிறது. இதற்குப் பெயர் மலச்சிக்கல்தான், தினமும் போனாலும். பெருங்குடலில் மலம் அதிக நேரம் தங்கினால் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு அதைப் புளிக்க வைக்க அதிக நேரம் கிடைக்கிறது, ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன, வெளியே போகும் வழியோ பாதி அடைத்திருக்கிறது.

அப்புறம், இந்த ஒரு வருடத்தில் புதிதாக என்னென்ன ஆரம்பித்தீர்கள் என்ற கேள்வி. இந்த நிகழ்வில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால் நான் இதைத்தான் கேட்பேன்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய இரண்டு வருடம் ரத்தப்போக்கு தாறுமாறாக இருந்ததால் அப்போது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவரும் உடம்புக்கு நல்லதுதானே என்று தொடர்ந்திருக்கிறார். எலும்பு தேயும் என்ற பயத்தில் கால்சியம் கார்பனேட் மாத்திரை, ஒரு நாளுக்கு இரண்டு. இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை, கார்பனேட் வாயுவையும் கூட்டும். இடுப்பு பெருக்கிறது என்று இனிப்பை விட்டுவிட்டு, வாய் சும்மா இருக்க முடியாமல் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றிருக்கிறார். அதில் உள்ள சார்பிடால், சைலிடால் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், மெல்லும்போது விழுங்கும் காற்று வேறு. தினமும் பாலில் கலக்கிய புரதப்பொடி. நார்ச்சத்து நல்லது என்று படித்துவிட்டு ஒரே வாரத்தில் தவிடும் பயறு வகைகளும் பச்சைக் காய்கறியுமாகச் சாப்பாட்டையே தலைகீழாக மாற்றியிருக்கிறார். முழங்கால் வலியால் நடப்பது குறைந்துவிட்டது. ஏப்பத்துக்காகக் கடையில் தானே வாங்கிய, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அதுவும் நான்கு மாதமாக.

பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில் செய்தவை. மெனோபாஸ் வந்ததும் பெண்கள் செய்ய வேண்டியவை என்று எங்கும் சொல்லப்படும் பட்டியலை அவர் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். உப்புசம் மெனோபாஸோடு வந்தது என்பது உண்மை, ஆனால் அதில் பெரும்பங்கு மெனோபாஸுக்காகச் செய்த காரியங்களால் வந்தது.

ஹார்மோனின் பங்கு உண்மையில் எவ்வளவு

"புரோஜெஸ்டிரோன் குடலை மந்தமாக்குகிறது, அதனால் மெனோபாஸில் வயிறு உப்புகிறது" என்ற விளக்கம் எல்லா இடத்திலும் உலவுகிறது. முதல் பாதி சரி. புரோஜெஸ்டிரோன் குடல் தசையைத் தளர்த்தும், கர்ப்ப காலத்திலும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பல பெண்களுக்கு வயிறு மந்தமாக இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் மெனோபாஸுக்குப் பிறகு உடம்பில் புரோஜெஸ்டிரோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. இல்லாத ஒன்று எப்படிக் குடலை மந்தமாக்கும்? இந்த விளக்கம் ஓரளவு பொருந்துவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களுக்குத்தான், அப்போது ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் எகிறும், இன்னொரு மாதம் சரியும், சீராக இருக்காது. இவரோ அந்தக் கட்டத்தைத் தாண்டி 14 மாதம் ஆனவர்.

மெனோபாஸ் செய்வது பெரும்பாலும் சுற்றிவளைத்துத்தான். குடலில் ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அது குறையும்போது குடலின் அசைவும் வலியை உணரும் விதமும் மாறலாம், இது நம்பத்தகுந்த கருத்து, ஆனால் ஒவ்வொரு பெண்ணிடமும் எவ்வளவு என்று அளந்து சொல்லும் பரிசோதனை இல்லை. இரவில் உடம்பு கொதித்து வியர்ப்பதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் அதே அளவு வாயு அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. கொழுப்பு இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அடிஇடுப்புத் தசைகள் பலவீனமாகி மலம் முழுதாக வெளியேறுவது கஷ்டமாகிறது. இவருக்கு இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. கொழுப்பு விஷயத்தில் ஒரு சுலபமான வித்தியாசம் உண்டு: தொப்பை காலையிலும் இருக்கும், உப்புசம் காலையில் வடிந்திருக்கும். இவருக்கு இரண்டும் இருந்தது, அதனால்தான் குழப்பம்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. வயிறு கண்ணுக்குத் தெரியும்படி ஊதியிருக்கும்போது உள்ளே நிறைய வாயு சேர்ந்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். குடலில் சாதாரணமாக இருக்கும் வாயு 100, 200 மில்லிலிட்டர்தான். பார்சிலோனாவில் உள்ள ஆய்வாளர்கள் வயிறு ஊதியிருக்கும் நேரத்தில் சிடி ஸ்கேன் எடுத்து அளந்து பார்த்தபோது பலருக்கு வாயு பெரிதாகக் கூடியிருக்கவில்லை. நடந்தது வேறு: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கியிருந்தது, வயிற்றின் முன்பக்கத் தசை தளர்ந்திருந்தது. ஒழுங்காக இருந்தால் சாப்பிட்டதும் உதரவிதானம் மேலே ஏறி இடம் கொடுக்க வேண்டும். குடலில் உண்டாகும் அசௌகரியத்துக்கு உடம்பு தப்பான விதத்தில் எதிர்வினை காட்டுகிறது, அதனால் உள்ளே இருப்பது அதேதான், வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. அதாவது ஊதியது கற்பனை அல்ல, அளந்தால் சுற்றளவு கூடியிருக்கும், ஆனால் வாயு மாத்திரை எத்தனை போட்டாலும் அது இறங்கப் போவதில்லை. "எனக்கு நிஜமாவே ஊதுது, யாரும் நம்பல" என்று சொல்லும் பெண்களுக்கு இதை விளக்கினாலே பாதி நிம்மதி வருகிறது.

செய்தது என்ன

முதல் வேலை, கூட்டுவதற்குப் பதில் குறைத்தது. உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாக இருந்ததால் இரும்பு மாத்திரை நிறுத்தப்பட்டது. கால்சியத்தை அப்படி நிறுத்திவிட முடியாது, இந்த வயதில் ஒரு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வரை தேவை என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, ஆனால் அது உணவையும் சேர்த்த மொத்தக் கணக்கு. அவருடைய சாப்பாட்டிலேயே பாதிக்கு மேல் வந்துகொண்டிருந்தது. மீதிக்கு மட்டும் கால்சியம் சிட்ரேட், சின்ன அளவாக. சூயிங்கம் நின்றது. அமில மாத்திரையை நிறுத்துவதில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு சட்டென்று விட்டால் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வரும், உடனே "ஐயோ எனக்கு இது தேவைதான்" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். அளவைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, பிறகு நிறுத்தினார். அவருக்கு நெஞ்செரிச்சல் இருந்ததே இல்லை, ஏப்பத்துக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

அடுத்தது மலச்சிக்கல். தவிட்டை நிறுத்தி இசப்கோல் சிறு அளவில், நிறையத் தண்ணீரோடு, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி. நார்ச்சத்து எல்லாம் ஒன்றல்ல, கரையாத தவிடு உப்புசம் உள்ளவர்களுக்குப் பல சமயம் இன்னும் மோசமாக்கும், கரையும் இசப்கோல் அந்த அளவுக்குப் புளிக்காது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் அவசரமில்லாமல் கழிப்பறைக்குப் போவது, மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்வது. இது போதவில்லை என்றால் மலத்தை இளக்கும் மேக்ரோகால் பொடி என்று வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

முதல் பத்து நாள் நன்றாக இல்லை. இசப்கோல் ஆரம்பித்ததும் உப்புசம் கொஞ்சம் கூடவே செய்தது, அவர் விட்டுவிடப் பார்த்தார். கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் விடவில்லை. மூன்றாவது வாரத்தில் மலம் இளகியது, ஐந்தாவது வாரத்தில் சாயங்கால உப்புசம் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது, "கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சு போகுது" என்பது போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் எண்டோஸ்கோபி வரை போயிருக்க வேண்டும்.

மீதி இரண்டு நாளுக்குப் பால் காரணமா என்று பார்த்தது. உலகில் வயது வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு லாக்டோஸ் செரிக்கும் திறன் குறைவு, அது நோய் அல்ல, மனித உடம்பின் பொது வழக்கம் அதுதான். இரண்டு வாரம் பாலை நிறுத்தினார், வித்தியாசம் தெரிந்தது, பிறகு மெல்லத் திரும்பச் சேர்த்தார். வெறும் வயிற்றில் ஒரு பெரிய தம்ளர் குடித்தால் தொல்லை, சாப்பாட்டோடு அரைத் தம்ளர் என்றால் ஒன்றுமில்லை, தயிர் பிரச்சினையே இல்லை. ஆகவே பாலை வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டியதில்லை, புரதப்பொடியைத் தண்ணீரில் கலந்தால் போதும். ஃபாட்மேப் (சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் புளிக்கும் சில மாவுச்சத்து வகைகள்) குறைந்த உணவுமுறை பற்றி அவர் கேட்டார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறை நல்ல முறைதான், ஆனால் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு என்று ஏகப்பட்டதை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள், திரும்பச் சேர்ப்பதே இல்லை. எலும்பைப் பற்றிக் கவலைப்படும் வயதில் சாப்பாட்டைத் தேவையில்லாமல் சுருக்குவது எனக்குச் சம்மதம் இல்லை. இவருக்கு அது தேவையும்படவில்லை.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிட மெதுநடை, முழங்கால் அனுமதிக்கிற வேகத்தில். அதோடு உதரவிதான மூச்சுப்பயிற்சி, வயிற்றில் கை வைத்து மெதுவாக உள்ளிழுத்து அதைவிட மெதுவாக விடுவது, சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம். மேலே சொன்ன தசைப் பிசகுக்கு இதுதான் நேரடியான வழி. ஏப்பம் குறைந்ததில் இதற்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

ஹார்மோன் எடுத்தால்?

இதை அவர் முதல் நாளே கேட்டார். ஹார்மோன் சிகிச்சை உடல் கொதிப்புக்கும் இரவு வியர்வைக்கும் நன்றாக வேலை செய்யும், உப்புசத்துக்கான மருந்து அது இல்லை. சொல்லப்போனால் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உப்புசமே ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் வயிறு ஓரளவு சீரான பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிவைத்தோம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

நான்காவது மாதம் எடுத்த ஸ்கேனில் நீர்க்கட்டி அதே 2 சென்டிமீட்டர்தான். சாயங்கால உப்புசம் எப்போதாவது வருகிறது, பெரும்பாலும் தூக்கம் கெட்ட அடுத்த நாள். இரவு வியர்வை குறையாததால் இப்போது தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும், கருப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோனும் ஆரம்பித்திருக்கிறார். வயிறு மறுபடி ஊதினால் எந்தத் தேதியில் என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறது, அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து.